மரவெழுத்தும் மல்லர் பெயரும்

விளம்பரம் என்னுஞ் சொல்லுக்கு அடி விளம்பு என்பது. விளம்புதலாவது சொல்லுதல். உணவு பரிமாறுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு ஒரு நீதி புலப்படும். பந்தியில் விளம்புவோன் பானையில் உள்ளதையே இலையில் இடுதல் வேண்டும். பாயசம் வருகின்றது என்று கூவிவிட்டு மோரோடு வந்து நிற்பானாயின் பந்தி அவனைச் சும்மா விடாது. சொல்லால் ஊரைக் கூட்டுவோனுக்கும் இந்நீதி ஒக்கும்.

முற்காலத்தில் ஊரைக் கூட்டியது முரசு. மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்றே பெயர். யானையின் பிடரியில் முரசேற்றி, இந்திர விழாவைப் புகார் நகருக்கு அறிவித்த செய்தி அதன்கண் வருகின்றது. மற்போரைப் பாடிய புலவரும் நம்மிடையே இருந்தனர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஆயினும் புலவன் தொழிலுக்கும் முரசறைவோன் தொழிலுக்கும் ஒரு வேறுபாடுண்டு. புலவன் நிகழ்ந்ததைப் பாடுகின்றான்; முரசறைவோன் இனி நிகழவிருப்பதைச் சொல்கின்றான். அதனால் அவன் சொல் ஒரு வாக்குறுதியாகின்றது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று அவன் சொன்னதை நம்பியே மக்கள் திரள்கின்றனர்.

அம் முரசின் வேலையை அண்மைக் காலத்திலே தாளும் மையுங்கொண்டு செய்த ஒரு பொருளைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுகின்றேன். அமெரிக்க நாட்டுக் குத்துச்சண்டைச் சுவரொட்டியே அது.

நன்னூல் நடத்தும் ஒருவனுக்குக் குத்துச்சண்டையில் என்ன அலுவல் என்று வாசகர் வினவக்கூடும். என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கொழும்பிலே கணினியில் விளம்பரங்கள் அமைத்து வாழ்கின்றார். பதினாறு இளைஞர் எட்டுச் சோடிகளாகப் பொரவிருந்த ஒரு குத்துச்சண்டை மாலைக்குச் சுவரொட்டி, நுழைவுச் சீட்டு, நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றைப் பழைய பாணியில் ஆக்கித் தருமாறு அவரைக் கேட்டிருந்தனர். தமிழ் வாசகத்தைத் திருத்தும்பொருட்டு மாதிரித் தாளொன்றை என்னிடம் கொணர்ந்தார். தாள் பழுப்பு நிறம். மூலைகள் கிழிந்தன போல் வரையப்பட்டிருந்தன. எழுத்தெங்குங் கீறல். உச்சியில் “நூற்றாண்டின் மாபெருஞ் சமர்” என்றொரு தொடர். நடுவில் இருவர் படம். ஏனைய பதினால்வர் பெயரையுங் காணோம்.

“மற்றப் பிள்ளைகளின் பெயர் எங்கே தம்பி?” என்று கேட்டேன்.

“பெயர் கூடினால் பார்வைக்கு நெருக்கமாய் இருக்கும் ஐயா. வெற்றிடம் இருந்தால்தான் அழகு” என்றார்.

பழமை என்பது அழுக்கிலா உள்ளது, அமைப்பிலா உள்ளது என்னும் வினா அப்பொழுது எழுந்தது. விடை காண விரும்புவோர் அப் பழைய சுவரொட்டிகள் எவ்வாறு பிறந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மரத்திற் பிறந்த எழுத்து

புத்தகம் அச்சிடும் ஈய எழுத்துக்களைச் சாண் அளவுக்குப் பெருக்கி வார்த்தல் எளிதன்று. பாரம் மிகும்; பணமும் மிகும்; வார்ப்பு ஆறும்போது முகம் சமனாய் அமைவதும் அரிது. 1827ஆம் ஆண்டு நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர், சுழலும் வெட்டுக்கருவி கொண்டு மரத்தில் எழுத்துக்களைப் பெருந்தொகையாக ஆக்கும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டே தம் எழுத்துக்களின் மாதிரிப் பட்டியலையும் வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வேர்த் என்பவர், ஓர் அச்சுருவைத் தொட்டுச் செல்ல மறுமுனையில் அதே வடிவம் சிறிதாகவோ பெரிதாகவோ வெட்டப்படும் கருவியை அதனோடு இணைத்தார். 1880இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ரூ றிவர்ஸ் என்னும் ஊரிலே ஹமில்ரன் தொழிலகம் தோன்றிற்று. அவ்வூரில் 1999ஆம் ஆண்டு முதல் மரவெழுத்துக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு.

இவ்வெழுத்துக்களுக்கு மேப்பிள் மரம் உகந்ததாயிற்று. பலகையின் நீளப்பக்கத்தை விடுத்து, மரத்தைக் குறுக்கே அரிந்த முகத்திலேதான் எழுத்தை வெட்டினர். அம் முகம் இறுகியது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தைப் பல்லாண்டு தாங்க வல்லது. 1879இல் சகோதரர் இருவர் நாஷ்வில் நகரில் தொடங்கிய ஹற்ச் அச்சகம் இன்றும் மரவெழுத்தை அடுக்கியே சுவரொட்டி அச்சிடுகின்றது. பழைய எழுத்துக்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பதிலும் அவற்றால் அச்சிட்டே காப்பது நன்று என்பது அவ்வச்சகத்தார் கொள்கை.

இனி அமைப்புக்கு வருவோம். கடைக் கண்ணாடியிலும் சுவரிலும் வைக்கப்பட்ட அட்டைகள் பெரும்பாலும் 14 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் உடையன. அகலம் மாறாது, பெயர்களோ நீண்டும் குறுகியும் வரும். அச்சுக் கோப்போன் என் செய்வான்? குறும்பெயர்க்கு அகன்ற எழுத்தையும் நெடும்பெயர்க்கு ஒடுங்கிய எழுத்தையும் எடுத்தான். அதனாலேதான் வரிக்கு வரி எழுத்தின் முகம் மாறிற்று. இன்று அதைக் கண்டு, பல்வேறு எழுத்துக்களைக் கலப்பதே பழைய பாணி என்று கருதுவார் உளர். அவன் அலங்காரத்துக்காகக் கலந்தானல்லன். வரியை நிரப்புதற்காகக் கலந்தான்.

இதற்கோர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் நியூயோர்க் மடிசன் ஸ்குவயார் கார்டின் அரங்கில் முகம்மது அலியும் ஜோ பிறேசியரும் மோதினர். இருவரும் அதுவரை தோல்வி காணாதவர். இருவர்க்கும் தலைக்கு 25 இலட்சம் டொலர் ஊதியம். அலி என்னும் பெயர்க்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. பிறேசியர் என்பதற்கு ஏழு. இரண்டையும் ஒரே அகலத்தில் ஒரே உயரத்தில் நிறுத்துதல் வேண்டுமாயின், மூன்றெழுத்து அகன்றும் ஏழெழுத்து ஒடுங்கியும் நிற்பதன்றி வேறு வழியில்லை. சமனான ஊதியம் பெற்ற இருவர்க்குச் சமனான இடம் கொடுப்பதற்கு எழுத்து வளைந்து கொடுக்கின்றது. அழகும் நடுவுநிலையும் அவ்விடத்தில் ஒன்றாகி விடுகின்றன.

மூன்று தூரமும் இரண்டு நிறமும்

நல்ல சுவரொட்டியொன்று மூன்று தூரத்தில் நின்று படிக்கப்படும். வீதியின் மறுபுறத்தில் நடப்பவனுக்கு என்ன நிகழ்ச்சி, யார் யார், எந்நாள் என்பன தெரிதல் வேண்டும். சில அடி தூரத்தில் நிற்பவனுக்கு அரங்கும் நேரமும் தெரிதல் வேண்டும். கிட்ட வந்து மூக்கு முட்டப் பார்ப்பவனுக்கு முன்னிகழ்ச்சிச் சண்டைகளில் வரும் இளையோர் பெயரும், எத்தனை சுற்று என்பதும், ரிக்கற் விலையும் தெரிதல் வேண்டும். எழுத்தளவு இம்முறையிலேயே படிப்படியாக இறங்கிற்று. கடைசி வரிகள் சிறியனவாயினும் விடப்பட்டனவல்ல. கிட்ட வருபவனுக்கு அவை கூலி.

நிறத்துக்கும் இவ்வாறே ஒரு காரணமுண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் ஒருமுறை இயந்திரத்துட் செல்லுதல் வேண்டும். ஆகவே பெரும்பாலும் இரண்டு நிறத்தோடு நிறுத்தினர். படமும் சிறு எழுத்தும் கருமை; பெயரும் நாளும் செம்மை. இன்னும் சற்றுப் பகட்டு வேண்டியவிடத்து, மைத்தொட்டியின் ஒருபுறம் ஒரு நிறமும் மறுபுறம் வேறொரு நிறமும் ஊற்றினர். உருளை சுழலச் சுழல இரண்டும் நடுவிற் கலந்து, அந்திவானம் போல ஒரு நிறம் மற்றொன்றாக மாறும். ஒருமுறை அச்சிட்ட செலவில் மூன்று நிறங் கிடைத்தது. வீரர் படங்கள் புளொக்கிலே பருமனான புள்ளிகளாக விழுந்தன. முரட்டுத் தாளில் நுண்ணிய புள்ளிகள் மை அப்பி ஒன்றாகிவிடும் என்பதனால் வந்த பருமன் அது.

இவ்வாறு பார்த்தால் பழைய சுவரொட்டியில் நம் கண்ணைக் கவரும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் நிற்கும். காரணமின்றிக் காரியம் இல்லை என்பது தருக்க நூலார் துணிபு. கணினியிலே கீறலை எங்கும் ஒரேபடியாகத் தூவும்பொழுது அக்காரணம் மறைகின்றது. மெய்யான மரவெழுத்தில் அடிபட்ட இடத்தில் மட்டுமே மை ஏறாது. ஒரு வரியில் ஓரெழுத்து இருமுறை வருமாயின் அவை இரண்டு மரத்துண்டுகள். இரண்டின் காயமும் வேறு. கணினி எழுத்துருவிலோ இரண்டெழுத்தும் ஒரே இடத்தில் ஒரே காயத்தோடு நிற்கும். இரட்டைப் பிள்ளைகளும் அவ்வாறு ஒரே கல்லில் விழுந்து ஒரே முழங்காலைக் காயப்படுத்துவதில்லை.

சொல்லின் பாரம்

அமைப்பிலும் அரிது வாசகம். நூற்றாண்டின் சண்டை என்னும் தொடரையே எடுத்துக்கொள்வோம். 1910 யூலை 4இல் றீனோ நகரில் ஜாக் ஜோன்சனும் ஜெப்ரீசும் பொருததற்கு அப்பெயர் வழங்கிற்று. 1921இல் டெம்சியும் கார்ப்பென்ரியரும் பொருததையும் நூற்றாண்டின் சமர் என்றனர். 1971இல் அலியும் பிறேசியரும் பொருததற்கும் அப்பெயரே. ஒரு நூற்றாண்டுக்குள்ளே நூற்றாண்டுச் சண்டை மூன்று! அவையாவது உலகப் பட்டத்துக்கான போட்டிகள். முதன்முறை மேடையேறும் பிள்ளைகள் கலந்த ஒரு மாலைக்கு அத்தொடரைச் சூட்டுதல் குழந்தைக்குப் பாட்டனின் செருப்பை மாட்டிவிடுவது போலாகும்.

ஓசை நயத்தை நம்பிக் கெட்ட வரலாறும் ஒன்று உண்டு. 1974இல் ஆபிரிக்காவின் சயர் நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் அலிக்கும் ஜோர்ஜ் போர்மனுக்கும் போட்டி ஏற்பாடாயிற்று. அதனை நடத்த முன்னின்ற டொன் கிங் என்பவர், அடிமைக் கப்பலிலிருந்து உலகப் பட்டம் வரை என்னும் கருத்துடைய தொடரொன்றை விளம்பரத்துக்குக் கொண்டார். ஆங்கிலத்திலே கப்பலுக்கும் பட்டத்துக்கும் உரிய சொற்கள் இரண்டும் ஒரே ஓசையில் முடிவன. நம் யாப்பில் அதனை இயைபு என்போம். ஓசை இனித்தது, பொருளோ சுட்டது. தம் மண்ணில் நடக்கும் விழாவுக்கு அடிமைக் கப்பலை முகவுரையாக்கியதைச் சயர் ஆட்சியாளர் பொறுக்கவில்லை. அத்தொடர் கைவிடப்பட்டது. இயைபுக்காகப் பொருளை விற்றவன் கவிஞனாயினும் விளம்பரகாரனாயினும் இழப்பே அடைவான்.

அதே போட்டி நாளைப் பற்றியும் ஒரு பாடஞ் சொல்கின்றது. முதலிற் குறித்தது செப்ரெம்பர் 25. பயிற்சியின்போது போர்மனின் கண்ணுக்கு மேற்பட்ட காயத்தினால் அது ஒக்ரோபர் 30க்குத் தள்ளிப் போயிற்று. கின்ஷாசாவில் அதிகாலை 4 மணியளவில் சண்டை தொடங்கியபொழுது அமெரிக்காவில் முதல் நாள் இரவு. ஆகவே அங்குள்ள கொட்டகைகளில் திரையிற் கண்டவர்க்கு அது ஒக்ரோபர் 29. ஒரே சண்டைக்கு ஊருக்கொரு நாள்! நாளையும் கிழமையையும் இடத்தையும் ஒன்றுக்கு மூன்றுமுறை சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பெயரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 1964 பெப்ரவரி 25இல் மியாமி பீச்சில் சன்னி லிஸ்ரனை வென்றபொழுது அவ்விளைஞர் கசியஸ் கிளே. அடுத்த மாதம் முகம்மது அலி ஆனார். பல நாளிதழ்கள் நெடுங்காலம் பழைய பெயரையே அச்சிட்டு வந்தன. 1967 பெப்ரவரி 6இல் ஹூஸ்ரன் நகரில் ஏர்ணி ரெரலை எதிர்த்தபோது, தம்மைப் பழைய பெயரால் அழைத்த அவரைப் பார்த்து, “என் பெயர் என்ன?” என்று வினவிக்கொண்டே அலி அடித்தார். தன் பெயரை ஒருவன் எத்துணை பெரிதாக மதிக்கின்றான் என்பதற்கு அப் பதினைந்து சுற்றும் உரை.

தமிழில் ஆக்குங்கால்

குத்துச்சண்டை நமக்கு அந்நியமானதன்று. 1938இல் சிட்னி நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவிலே பார்ணி ஹென்றிக்கஸ் இறகு நிறைப் பிரிவில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் வென்று தந்தார். ஆகவே நம்நாட்டில் பழைய பாணிச் சுவரொட்டி செய்தல் பொருந்தும். ஆனால் அமெரிக்க எழுத்தின் வழி வேறு. தமிழெழுத்தின் வழி வேறு.

முதலாவது, ஆங்கிலத்துக்குப் பேரெழுத்து உண்டு, நமக்கு இல்லை. அளவாலும் தடிப்பாலுமே ஏற்றத்தாழ்வு காட்டுதல் வேண்டும். இரண்டாவது, இகரக் கொம்பு மேலேறும், உகரம் கீழிறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும். மூன்றாவது, ஒடுக்கினாற் சுழி கெடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேற்றுமை ஒரு சுழி மட்டுமே. மண் மன்னாகிவிடும். நான்காவது, புள்ளி. ஏட்டிலே எழுத்தாணி துளைத்துவிடும் என்றஞ்சி முன்னோர் புள்ளியிடாது விட்டனர். படிப்போன் இடமறிந்து கூட்டிப் படித்தான். அச்சிலே புள்ளி வந்தபின் நாம் அதனையே நம்பியிருக்கின்றோம். கணினியிலே தூவும் செயற்கைக் கீறல் ஒரு புள்ளியை விழுங்கினால் குத்து என்பது குதது ஆகும். அதனை எந்த அகராதியில் தேடுவது?

இன்னுமொன்று. 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகார வடிவத்திலே யானையின் துதிக்கை போன்ற வளைவு தலைமேல் ஏறி நின்றது. ணகர, றகர, னகரங்களின் ஆகார, ஒகர, ஓகார வடிவங்களிலே கால் தனித்து நில்லாது எழுத்தோடு சுழித்துக் கூடிற்று. ஆகப் பதின்மூன்று எழுத்துக்கள். நம்நாட்டு அச்சகங்களிலும் அவ்வடிவங்களே வழங்கின. 1960ஆம் ஆண்டுத் தோற்றம் வேண்டுவோர் பழுப்புத் தாளைத் தேடுமுன் இவ்வெழுத்துக்களைத் தேடுதல் வேண்டும். எழுத்துருவிற் கிடையாவிடிற் கையால் வரைந்து சேர்க்கலாம். சண்டை என்னுஞ் சொல்லிலே டகர ஐகாரம் அன்றும் இன்றும் ஒன்றே. விலை என்பதிலோ துதிக்கை வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்து செய்தவன் பழமையை அறிந்தவன்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்.

“ஐயா, கீழே பதினாலு பெயர் போட்டால் ஆர் வாசிக்கப் போகினம்?”

“அந்தப் பதினாலு வீட்டாரும் வாசிப்பினம் தம்பி” என்றேன்.

அவர் நெடுநேரம் தாளைப் பார்த்திருந்தார். பின்னர் கிழிந்த மூலைகளை அழித்தார். நூற்றாண்டையும் அழித்து, அவ்விடத்தில் ‘எட்டுச் சண்டைகள்’ என்று பெரிதாக இட்டார். எட்டுச் சோடிப் பெயர்களும் வரிக்கொரு சோடியாய், இடமும் வலமும் ஒத்த அளவில் இறங்கின. முதலெழுத்துக்கள் சரியோ என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தொலைபேசியிற் கேட்டார். இரண்டு பெயரிலே எழுத்துத் திருத்தம் வந்தது. சிவப்பும் கறுப்புமாக இரண்டே நிறம். அடியில் மெய்யான ஆண்டும் அச்சகத்தின் பெயரும். பழைய தோற்றத்திற் செய்த ஒன்றைப் பழையது என்று நாளை ஒருவர் விற்க முனைந்தால் அவ்வடி வரி அவர்க்குத் தடையாய் நிற்கும். பாணியைப் பின்பற்றுதல் கலை. காலத்தை மறைத்தல் களவு.

அச்சான பின்பு பிரதி கேட்டு வந்தவர்களுள் முதற்சோடியினர் குறைவு. கீழ்வரிகளில் இருந்தோரே மிகுதி என்று அறிந்தேன். ஒரு தாய் இரண்டு கேட்டாராம்: வீட்டுச் சுவருக்கு ஒன்று, ஊரிலுள்ள தம் தாயாருக்கு ஒன்று. குத்துச்சண்டையில் வெல்பவர் ஒருவர், தோற்பவர் ஒருவர். சுவரொட்டியிலோ மணி அடிக்கும் வரை இருவரும் சமம். அச்சமநிலையைக் காப்பவன் எழுத்தை அடுக்குவோன்.

பழைய பாணியிலே நிகழ்ச்சி அட்டை செய்யப் புகும் இளைஞர்க்கு என் விண்ணப்பம் இது. அகலத்தை முதலில் வரையறுங்கள். பெயர்களை அதற்குள் நிரப்புங்கள். நிறத்தை இரண்டோடு நிறுத்துங்கள். நாளையும் கிழமையையும் இடத்தையும் விலையையும் மறையாது சொல்லுங்கள். நிகழாததை நிகழுமென்று சொல்லாதீர்கள். பொருபவர் அனைவர் பெயரையும் பிழையின்றி இடுங்கள். பழமையைப் போற்றுவோர் அதன் அழுக்கைப் படியெடுக்க வேண்டா. ஒழுக்கைப் படியெடுத்தல் வேண்டும். தாள் தானாகவே பழுக்கும். அதற்குக் காலம் இருக்கின்றது.